ஒரே வளைவு, வெவ்வேறு காரணங்கள்: மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டிலின் வாழ்க்கையும் உங்கள் குழந்தையின் நோயறிதல் குறியீடும்

பிறந்த குழந்தையின் பாதம் உட்புறமாகத் திரும்பியும், குதிகால் மேலேறியும் இருப்பதைக் கண்டு நீங்கள் கலங்கியிருக்கலாம். கோயம்புத்தூரிலோ, பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம், திருப்பூர், ஈரோடு போன்ற ஊர்களிலோ உள்ள மருத்துவமனைக்குக் குழந்தையைக் கொண்டு சென்றால், எலும்பு மருத்துவர் பரிசோதித்து, இது பிறவி வளைபாதம் என்று விளக்குவார். குழந்தையின் ஆவணங்களில் கியூ என்ற ஆங்கில எழுத்தும் 66.0 என்ற எண்ணும் பதிவாகும். பெற்றோரில் பலர் அந்த எண்ணைக் கவனிப்பதில்லை. அது அலுவலகத்துக்கு உரியது, நமக்கு உரியதன்று என்று எண்ணி விடுகின்றனர்.

அந்த எண் உங்களுக்கும் உரியதே. பாதம் எப்படி வளைந்திருக்கிறது என்பதோடு, அந்த வளைவு எங்கிருந்து வந்தது என்பதையும் அது குறிக்கிறது. வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரு பாதங்களுக்கு இரு வேறு காரணங்கள் இருக்கலாம். காரணம் மாறினால் செய்ய வேண்டிய பரிசோதனையும் சிகிச்சையும் மாறும். இதனைத் தம் உடலிலேயே உணர்ந்து, பின்னர் மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தவர் வில்லியம் ஜான் லிட்டில் என்ற ஆங்கிலேய மருத்துவர். அவருடைய வாழ்க்கையை அறிந்துகொண்டால், உங்கள் கையிலுள்ள சீட்டின் பொருள் எளிதில் விளங்கும்.

சத்திரக்காரரின் மகன்

லிட்டில் 1810ஆம் ஆண்டு லண்டன் மாநகரின் ஆல்ட்கேட் பகுதியில் பிறந்தார். அவருடைய தந்தை அங்கே ஒரு சத்திரத்தை நடத்தி வந்தார். லிட்டில் பிறந்தபோது அவருடைய கால்களில் குறை ஏதும் இல்லை. குழந்தைப் பருவத்தில் வந்த ஒரு நோய்க்குப் பின், இடது காலின் தசைகள் வலுவிழந்தன. வளர வளர இடது குதிகால் மேலேறிப் பாதம் உட்புறம் திரும்பியது. அந்நோய் இளம்பிள்ளை வாதம் என்று இன்று மருத்துவ வரலாற்றாளர் கருதுகின்றனர். அக்காலத்தில் அதற்குத் தெளிவான பெயரும் இல்லை. அது தொற்றுநோய் என்ற அறிவும் இல்லை.

அவர் இங்கிலாந்திலும் பிரான்சிலும் பள்ளிக் கல்வி பெற்றார். பதினாறாம் வயதில் ஒரு மருந்தாளுநரிடம் பயிற்சிக்குச் சேர்ந்து, பின்னர் லண்டன் மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். தம் காலைச் சீராக்க வழி உண்டா என்ற கேள்வி அவரை விட்டு நீங்கவே இல்லை. குதிகால் தசைநாணை வெட்டிப் பாதத்தை நேராக்கலாம் என்ற எண்ணம் ஐரோப்பாவில் அதற்கு முன்பே தோன்றியிருந்தது. ஆயினும் கிருமிநாசினி முறைகள் அறியப்படாத அக்காலத்தில், தோலைத் திறந்து செய்யப்படும் அறுவையில் புண் சீழ்பிடித்து உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். எனவே லண்டனில் அவருக்கு ஊக்கம் கிடைக்கவில்லை.

ஹானோவரில் கிடைத்த விடை

ஜெர்மனியின் ஹானோவர் நகரில் ஜார்ஜ் ஃபிரடரிக் லூயி ஸ்ட்ரோமையர் என்ற அறுவை மருத்துவர் புதிய முறையொன்றைக் கையாண்டு வந்தார். தோலை விரித்துத் திறவாமல், மெல்லிய கத்தியை மிகச் சிறிய துளை வழியே செலுத்தித் தசைநாணை மட்டும் வெட்டும் முறை அது. காற்றும் அழுக்கும் உட்புக வாய்ப்புக் குறைவு என்பதால் காயம் விரைவில் ஆறியது. லிட்டில் ஜெர்மனிக்குச் சென்று, 1836ஆம் ஆண்டில் ஸ்ட்ரோமையரிடம் தம் இடது காலை ஒப்படைத்தார். அப்போது அவருக்கு வயது 25. மயக்க மருந்து பயன்பாட்டுக்கு வருவதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்கு முந்தைய காலம் அது.

அறுவை வெற்றி பெற்றது. தசைநாண் வெட்டப்பட்ட பின், பாதம் சிறிது சிறிதாக நேர்நிலைக்குக் கொண்டுவரப்பட்டது. லிட்டில் உள்ளங்காலை நிலத்தில் பதித்து நடக்கத் தொடங்கினார். நோயாளியாகச் சென்றவர் மாணவராக அங்கேயே தங்கி, அந்த முறையைக் கற்றுக்கொண்டார். பெர்லினில் புகழ்பெற்ற அறுவை மருத்துவராக விளங்கிய டீஃபென்பாக், லிட்டிலின் திருந்திய காலைக் கண்ட பிறகு, தாமும் அம்முறையைக் கையாளத் தொடங்கினார். பெர்லின் பல்கலைக்கழகத்தில் 1837ஆம் ஆண்டு லிட்டில் முனைவர் பட்டம் பெற்றபோது, அவருடைய ஆய்வுப் பொருளும் வளைபாதமே. நன்றியின் அடையாளமாகப் பின்னாளில் தம் மகன் ஒருவருக்கு ஸ்ட்ரோமையரின் பெயரையும் சேர்த்துச் சூட்டினார்.

இங்கே ஒன்றை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். அறுவை சரிசெய்தது பாதத்தின் வடிவத்தை மட்டுமே. இளம்பிள்ளை வாதத்தால் வலுவிழந்த தசைக்கு அது மீண்டும் வலுவூட்டாது. வடிவம் வேறு, காரணம் வேறு என்ற பாடம் அவருடைய காலிலேயே இருந்தது.

வகைப்படுத்தக் கற்ற மருத்துவர்

லண்டனுக்குத் திரும்பிய லிட்டில், 1837ஆம் ஆண்டிலேயே இச்சிகிச்சையை இங்கிலாந்தில் செய்யத் தொடங்கினார். 1838ஆம் ஆண்டு, உடல் அமைப்புக் குறைபாடுகளுக்கெனத் தனி மருத்துவ நிலையம் ஒன்று அவருடைய முயற்சியால் தோன்றியது. இன்று லண்டனில் இயங்கும் ராயல் நேஷனல் ஆர்த்தோபீடிக் மருத்துவமனை அந்த மரபில் வந்ததாகும். அந்நிலையத்தை நாடி வந்தவர்களில் ஏழைத் தொழிலாளர்களின் குழந்தைகள் பலர்.

நூற்றுக்கணக்கான பாதங்களைப் பார்த்த பின், லிட்டில் 1839ஆம் ஆண்டு வளைபாதம் பற்றிய நூலை வெளியிட்டார். பிறக்கும்போதே அமைந்த வளைபாதத்தையும், பிறந்த பின் நோயால் ஏற்பட்ட வளைபாதத்தையும் அதில் அவர் பிரித்து ஆராய்ந்தார். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம். ஆனால் பிறவி வளைபாதத்தில் தசைநாண்களும் இணைப்புத் திசுக்களும் கருவிலேயே இறுகி, சிறு எலும்புகளின் நிலை மாறியிருக்கும். இளம்பிள்ளை வாதத்திலோ சில தசைகள் செயலிழக்க, எதிர்ப்புறத் தசைகள் பாதத்தை ஒருபக்கமாக இழுத்துவிடும்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. சில குழந்தைகளின் கால்கள் தளர்ச்சியால் அன்றி, தசை விறைப்பால் வளைவதையும், கால்கள் கத்தரிபோல் குறுக்கிட்டு நிற்பதையும் அவர் கண்டார். அக்குழந்தைகள் எப்படிப் பிறந்தனர் என்று தாய்மார்களிடம் விவரம் கேட்டறிந்தார். குறைமாதப் பிறப்பு, கடினமான பேறு, பிறந்ததும் மூச்சுத் திணறல் ஆகியவை பலரிடம் இருந்தன. குறை காலில் இல்லை, மூளைக்கு நேர்ந்த பாதிப்பில் இருக்கிறது என்ற முடிவை 1861ஆம் ஆண்டு லண்டன் மகப்பேறு மருத்துவச் சங்கத்தில் அவர் முன்வைத்தார். நெடுங்காலம் லிட்டில் நோய் என்று அவர் பெயராலேயே வழங்கிய அந்நிலையை இன்று பெருமூளை வாதம் என்கிறோம். பல குழந்தைகளில் இப்பாதிப்பு பேறுகாலத்துக்கு முன்பே, கருவிலேயே நேர்கிறது என்பது பிற்கால ஆய்வுகள் சேர்த்த விளக்கம். ஆகவே தாயையோ பேறு பார்த்தவரையோ குறைகூறுவது பொருந்தாது.

லிட்டில் 1894ஆம் ஆண்டு தம் 83ஆம் வயதில் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டு, 1893இல், பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்ட்டியோன் தொகுத்த இறப்புக் காரணங்களின் பட்டியல் சிகாகோவில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் கழகத்தில் ஏற்கப்பட்டது. இன்றைய பன்னாட்டு நோய் வகைப்பாட்டுக்கு அதுவே வேர். அப்பட்டியல் முதன்மையாக இறப்புகளைக் கணக்கிடவே அமைந்தது. வளைபாதம் உயிரைப் பறிப்பதில்லை, வாழ்க்கையைச் சுருக்குகிறது. எனவே அத்தகைய நிலைகளுக்குரிய முழுமையான இடம், உலக சுகாதார நிறுவனம் 1948ஆம் ஆண்டு வெளியிட்ட ஆறாம் பதிப்பில், நோய்களும் சேர்க்கப்பட்ட பிறகே கிடைத்தது.

லிட்டிலுக்கு இன்று எந்தக் குறியீடு?

இன்று லிட்டில் ஓர் அரசு மருத்துவமனையின் ஓ.பி. சீட்டுடன் வந்து நின்றால், அவருக்குக் கியூ 66.0 என்ற குறியீடு பொருந்துமா? பொருந்தாது. ஐ.சி.டி. 10 எனப்படும் பத்தாம் பதிப்பில், கியூ என்ற எழுத்தில் தொடங்கும் பகுதி பிறவிக் குறைபாடுகளுக்கு மட்டுமே உரியது. லிட்டிலின் பாதம் பிறந்த பின் வளைந்தது. அதற்கு எம் 21.5 என்ற, பின்னர் ஏற்பட்ட வளைபாதத்துக்குரிய குறியீடு உண்டு. அதன் காரணத்தைக் காட்ட, இளம்பிள்ளை வாதத்தின் பின்விளைவுகளுக்குரிய பி 91 என்ற குறியீடும் உடன் எழுதப்படும்.

இது பழங்கதை அன்று. இந்தியாவில் இளம்பிள்ளை வாதத்தின் கடைசி நோயாளி 2011ஆம் ஆண்டு சனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்டறியப்பட்டார். 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் நம் நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது. ஆயினும் அதற்கு முன் பாதிக்கப்பட்டோர் இன்றும் நம்மிடையே தறிக்கூடங்களிலும் பின்னலாடை நிறுவனங்களிலும் கடைவீதிகளிலும் உழைத்து வருகின்றனர். அவர்களுள் ஒருவரின் ஆவணத்தில் பிறவிக் குறை என்று தவறாக எழுதப்பட்டால், அது பின்னர் மாற்றுத்திறனாளி சான்றிதழிலும் காப்பீட்டு விண்ணப்பத்திலும் முரண்பாடாக வெளிப்படும். பல தனியார் காப்பீட்டுத் திட்டங்கள் வெளியே தெரியும் பிறவிக் குறைகளுக்குத் தனி நிபந்தனை விதிக்கின்றன. ஆகவே ஓர் எழுத்தின் பிழை ஒரு குடும்பத்தின் பணத்தைப் பாதிக்கக்கூடும்.

குறியீடுகள் சொல்வது என்ன?

பிறவிப் பாதக் குறைபாடுகள் அனைத்தும் கியூ 66 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. புள்ளிக்குப் பின் வரும் எண் வகையைக் குறிக்கிறது. உங்கள் சீட்டில் காணக்கூடியவை இவை:

கியூ 66.0: குதிகால் மேலேறி, பாதம் உள்நோக்கித் திரும்பிய வளைபாதம். கிளப் ஃபுட் என்று பொதுவாக வழங்குவது இதுவே. தானாகச் சரியாகாது. பிறந்த முதல் சில வாரங்களில் சிகிச்சை தொடங்குதல் நன்று.

கியூ 66.2: பாதத்தின் முன்பகுதி மட்டும் உட்புறம் வளைந்த நிலை. குதிகால் இயல்பாக இருக்கும். பல குழந்தைகளில் வளர்ச்சியோடு சரியாகிவிடும். இறுக்கமாக இருந்தால் மட்டும் மாவுக்கட்டு தேவைப்படலாம்.

கியூ 66.4: பாதம் மேல்நோக்கி மடங்கி, முன்காலைத் தொடும் நிலை. பெரும்பாலும் கருவில் இருந்த நிலையால் ஏற்படுவது. எளிய நீட்டல் பயிற்சிகளால் சீராகும்.

கியூ 66.5 பிறவித் தட்டைப் பாதம், கியூ 66.7 உள்ளங்கால் வளைவு மிகுந்த பாதம், கியூ 66.8 பிற வகைகள்.

கியூ 66.9: வகை குறிப்பிடப்படாத பிறவிப் பாதக் குறைபாடு. முதல் பரிசோதனையில் இவ்வாறு எழுதப்படுவது உண்டு. நிபுணர் பார்த்த பின்னும் இதுவே தொடர்ந்தால், வகை என்ன என்று நீங்கள் கேட்பது முறையே.

இரண்டு எச்சரிக்கைகளும் தேவை. முதலாவது, வளைபாதம் சில வேளைகளில் தனித்து வருவதில்லை. முதுகுத்தண்டு மூடாத நிலைக்குக் கியூ 05, பல மூட்டுகள் பிறவியிலேயே விறைத்த நிலைக்குக் கியூ 74.3 என்ற குறியீடுகள் உள்ளன. அத்தகைய குழந்தைக்கு வளைபாதத்தின் குறியீடு மட்டும் எழுதப்பட்டால், அடுத்துப் பார்க்கும் மருத்துவரின் கவனம் பாதத்தோடு நின்றுவிடக்கூடும். எனவே முதல் பரிசோதனையில் குழந்தையின் முதுகு, இடுப்பு, கைகள் ஆகியவையும் பார்க்கப்பட வேண்டும். இரண்டாவது, பிறக்கும்போது நேராக இருந்த பாதம் ஒரு வயதுக்கு மேல் வளையத் தொடங்கினாலோ, குழந்தை நுனிக்காலில் மட்டுமே நடந்தாலோ, அது பிறவி வளைபாதம் அன்று. பெருமூளை வாதம் உள்ளிட்ட நரம்பு சார்ந்த காரணங்கள் ஆராயப்பட வேண்டும். பெருமூளை வாதத்தின் குறியீடு ஜி 80.

ஐ.சி.டி. 10 குறியீட்டின் அடிப்படை வடிவத்தில் வலப் பாதமா, இடப் பாதமா என்பது இடம்பெறாது. ஆகவே அதனை மருத்துவர் சொல்லால் எழுதியிருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி. 11 பதிப்பில் குறியீடுகளின் எழுத்தும் எண்ணும் வேறு. இரு ஆவணங்களில் இரு வேறு குறியீடுகள் இருந்தால், நோய் மாறிவிட்டதாக அஞ்ச வேண்டாம். எந்தப் பதிப்பு என்று கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

இன்றைய சிகிச்சையில் லிட்டிலின் தடம்

பிறவி வளைபாதம் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒருவருக்கு ஏற்படுகிறது. ஆண் குழந்தைகளில் இரு மடங்கு மிகுதி. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரு பாதங்களும் வளைந்திருக்கும். கருவுற்ற தாய் கிரகணத்தின்போது வெளியே வந்ததால் இது நேர்ந்தது என்ற நம்பிக்கை நம் பகுதியில் இன்றும் உண்டு. அதில் உண்மை இல்லை. தாய் செய்த எச்செயலும் இதற்குக் காரணம் அன்று.

இன்று உலகெங்கும் பின்பற்றப்படுவது, அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய மருத்துவர் இக்னேசியோ பொன்செட்டி உருவாக்கிய முறையாகும். வாரந்தோறும் பாதத்தை மென்மையாகத் திருத்தி மாவுக்கட்டு போடப்படும். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு கட்டுகள் போதும். பின்னர்ப் பல குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சிறு வெட்டு தேவைப்படும். அதன் பின் சுமார் மூன்று வாரம் கடைசிக் கட்டு இருக்கும். ஸ்ட்ரோமையர் 1836இல் லிட்டிலுக்குச் செய்த வெட்டின் வழித்தோன்றலே அது. எனவே வெட்டு என்ற சொல்லைக் கேட்டு அஞ்சிச் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

கட்டு அவிழ்த்த பின், இரு காலணிகளை ஒரு தண்டால் இணைத்த பிரேஸை முதல் மூன்று மாதங்கள் நாளுக்கு 23 மணி நேரமும், பின்னர் நான்கு வயது வரை உறங்கும் வேளைகளிலும் அணிவிக்க வேண்டும். பாதம் மீண்டும் வளைவதற்கு முதன்மையான காரணம் பிரேஸை நிறுத்திவிடுவதே. பாதம் நேராகிவிட்டது என்று கண்ணுக்குத் தெரிந்தாலும், வளைவின் காரணம் உள்ளே சில ஆண்டுகள் இருந்துகொண்டே இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. குழந்தை பிறந்த இடத்திலேயே பாதங்களைக் காட்டிக் கேளுங்கள். 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தில் வளைபாதமும் கண்டறிய வேண்டிய பிறவிக் குறைகளுள் ஒன்று. உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரோ, அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவோ உங்களை மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பி வைப்பர்.

2. நோயின் பெயர், பிறவியா பின்னர் ஏற்பட்டதா என்ற விவரம், வலம் அல்லது இடம், உடனுள்ள பிற குறைகள் ஆகிய நான்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். மருத்துவ ஆவணப் பிரிவினர் மருத்துவர் எழுதிய சொற்களைக் கொண்டே குறியீடு இடுகின்றனர். சொல் தெளிவாக இருந்தால் குறியீடும் சரியாக அமையும்.

3. பிழை இருப்பதாகத் தோன்றினால், சிகிச்சை அளித்த மருத்துவரிடமே திருத்தம் கேளுங்கள். காப்பீட்டுக்காக உண்மைக்கு மாறான குறியீட்டைக் கேட்காதீர்கள். அது பின்னாளில் உங்கள் குழந்தைக்கே தடையாகும்.

4. எல்லாச் சீட்டுகளையும் நாள்வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். ஒவ்வொரு மாவுக்கட்டுக்கும் முன்பும் பின்பும் பாதத்தின் படத்தை எடுத்து வைப்பதும் உதவும்.

5. எண்ணெய் தடவி நீவுவதால் வளைபாதம் நேராகும் என்று வாரங்களைக் கழிக்க வேண்டாம். முதல் மாதங்களில் பாதம் இளகியிருக்கும். அக்காலம் திரும்பி வாராது. தாமதம் நேர்ந்துவிட்டாலும் மனம் தளராதீர்கள். நடக்கத் தொடங்கிய குழந்தைகளுக்கும் இம்முறையில் பயன் உண்டு.

லிட்டில் தம் இருபதுகளின் நடுவில், தம் நாட்டை விட்டுத் தொலைவிலுள்ள ஊருக்குச் சென்று பெற்ற சிகிச்சை, இன்று உங்கள் குழந்தைக்குப் பிறந்த சில வாரங்களிலேயே, உங்கள் மாவட்டத்திலேயே கிடைக்கிறது. அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது சீட்டிலுள்ள குறியீட்டைப் படித்து, அதன் பொருளை மருத்துவரிடம் கேளுங்கள். பாதம் எதனால் வளைந்தது என்பதற்குத் தெளிவான விடையைப் பெற்ற பிறகே அங்கிருந்து புறப்படுங்கள்.